சுரங்கத்துக்கு ஒரு கறுப்புக் கோடு

தலையில் வைக்கிறேன் என்று வாங்கிப்போன தொப்பியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகவிட்டு, பக்கத்தில் ஒரு முழப் பொய்யையும் எழுதவிட்டு, அது என் கண்ணில் படாமல் மறைக்கவும் பார்த்த மனுஷனை நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த மனுஷன் என் தங்கச்சியின் புருஷன். அதனால்தான் அவனுக்கு இன்றைக்கும் இரண்டு காதும் இருக்கின்றன.

நான் முஹைதீன். நானுஓயாவுக்கும் கண்டிக்கும் இடையில் முப்பத்துமூன்று வருஷம் ரெயில் கார்டாக இருந்தவன். நானுஓயாக் குளிரில் காலையில் மீசையைத் தேநீர்க் கோப்பைக்குள் முக்கி இளக்கினால்தான் வாய் திறக்கும். அந்தக் குளிருக்குப் பயந்துதான் நான் பின்னல் பழகினேன். பழக்கியவர் ஒரு ஸ்கொத்லாந்துக்கார எஞ்சின் ட்ரைவர். ஒரு ஊசியை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு மற்ற ஊசியால் பின்னினால், ரெயில் எவ்வளவு ஆடினாலும் கண்ணி நழுவாது. துரைசானிமார் கழித்துவிடும் பழைய கம்பளிச் சட்டைகளைப் பிரித்து நூலெடுப்பேன். நானுஓயாவில் விசில் ஊதித் தொடங்கினால், கண்டியில் கொடியைச் சுருட்டும்போது ஒரு தொப்பி முடிந்திருக்கும்.

ஒரே ஒரு தொல்லை, சுரங்கங்கள். இருட்டில் கண்ணி தெரியாது. அதனால் சுரங்கத்துக்குள் ரெயில் நுழையும்போது சந்தன நிற நூலை விட்டுக் கறுப்பு நூலைப் பிடிப்பேன். கறுப்பில் பிழை விட்டாலும் யார் கண்ணிலும் படாது. வெளிச்சம் வந்ததும் மறுபடி சந்தன நிறம். ஆகவே என் தொப்பிகளில் சுரங்கத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இருக்கும். குட்டிச் சுரங்கத்துக்கு ஒல்லிக் கோடு, சிங்கமலைச் சுரங்கத்துக்கு விரலகலக் கோடு. உலகத்தில் வேறெவனும் இப்படித் தொப்பி பின்னியதில்லை. பின்னியிருந்தால் அவனைக் கூட்டிவாருங்கள், பார்ப்போம்.

குடும்பத்தில் இதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். "கார்ட் மாமாவுக்கு எத்தின மாசம்? இந்தக் குட்டித் தொப்பி யாருக்கு?" என்று கல்யாண வீடு தவறாமல் ஒருவன் கேட்பான், நாற்பது பேர் சிரிப்பார்கள். பளீல் மட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் அந்தத் தங்கச்சி புருஷன். மடவளையில் புடைவைக் கடைக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் ஒரு தொப்பியைக் கொடுத்தபோது கண் கலங்கினான்.

"மச்சான், இத நான் மவுத்தாகும் வரைக்கும் தலையால இறக்க மாட்டன்."

அதற்குப் பிறகு வந்த ஒரு பெருநாளிலும் அந்தத் தலையில் அந்தத் தொப்பியை நான் காணவில்லை. கேட்டால், "பத்திரமா ஈக்கி மச்சான், பத்திரமா ஈக்கி" என்பான்.

எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பதை முப்பத்திரண்டாம் வருஷம்தான் கண்டேன். பென்ஷன் வாங்கிய அடுத்த வருஷம். மடவளையில் ஒரே கிழமைக்குள் இரண்டு விசேஷம்: வெள்ளிக்கிழமை, பளீலின் மூத்த மகளுடைய குழந்தைக்கு முடியிறக்கல், ஞாயிற்றுக்கிழமை, இளைய மகள் பஸீஹாவுக்கு நிக்காஹ். உடுப்புக்கு ஒரு பை, நூலுக்கு இரண்டு பை என்று நான் வந்து இறங்கினேன்.

முடியிறக்கல் விருந்துக்குப் பஸீஹாவின் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அலியார் ஹாஜியார் வந்திருந்தார். அகுறணை மிளகு வியாபாரி. மாப்பிள்ளையின் வாப்பா. கண்டி ராஜாவின் பொதிமாடுகளுக்கு வைத்தியம் பார்த்த வம்சம் என்று அவரே சொன்னார். சோறு வருமுன் ஒருமுறை, சோற்றோடு மூன்றுமுறை. நாங்கள் ஆறு பேர் ஒரு சஹனை, ஒரே பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நடுவிலிருந்த கோழிக்காலை அவர் பக்கம் தள்ளியபடி பளீல் மெல்லச் சொன்னான்:

"எங்கட மூத்தாப்பாட வாப்பாவுக்கு ராஜா ஒரு தொப்பி குடுத்த என்டு செல்லினனெல்லியா, ஹாஜியார். இப்ப நூதனசாலையில வெச்சீக்கி. நாளைக்கிப் போய்ப் பாப்பம்."

எடுத்த கவளத்தை நான் சஹனிலேயே போட்டேன். பளீலின் மூத்தாப்பாவை, அவன் வாப்பாவின் வாப்பாவை, எனக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கருவாடு விற்றவர். அவருடைய வாப்பாவை ராஜா அண்டவிட்டிருக்க மாட்டார். கருவாட்டு மணம் அப்படிப்பட்டது. ஆனால் நான் வாயைத் திறக்குமுன் என் தங்கச்சி ஹவ்வா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டி உள்ளே கூப்பிட்டாள்.

"காக்கா, ஒன்னும் செல்லிப் போடாதீங்க. அந்த ஹாஜியார் வேர் இல்லாத குடும்பமென்டு மூனு பொண்ணுகள வேணாமென்டு போட்டாரு. இந்தத் தொப்பிக் கதையிலதான் நம்மட பஸீஹாவுக்குச் சம்மதிச்ச."

சரி, யாரோ ஒருவருடைய தொப்பி. எனக்கென்ன என்று நினைத்தேன். நினைத்தவன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை பளீலுக்கு என் உடம்பில் அப்படியொரு கரிசனம். "மச்சான், உங்களுக்குக் கால் வருத்தமெல்லியா? ஊட்டுல படுங்க. நூதனசாலையில படி ஏற ஏலாது."

முப்பத்துமூன்று வருஷம் ஓடும் ரெயிலில் ஏறி இறங்கியவனுக்குப் படி ஏற ஏலாதாம்! அந்தக் கோபத்திலேயே பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். ஹாஜியார், அவர் மகன் மாப்பிள்ளை லாபிர், பளீல், நான். கண்டி வந்து சேரும்வரை பளீல் வேர்த்துக்கொண்டே இருந்தான். மார்கழிக் குளிரில்.

வாவிக்கு மேலே மலைப்பாதையில், செத்துப்போன ஒரு தோட்டத்துரையின் பங்களா அது. துரை சேர்த்த சாமான்களையெல்லாம் அவருடைய துரைசானி பரப்பி வைத்து நூதனசாலை ஆக்கியிருந்தாள். யானைக்கால் முக்காலி, துருப்பிடித்த வாள்கள், ஒரு கண் விழுந்துபோன பாடம் செய்த கரடி. சுற்றிக்காட்ட ஒரு ஆள்: தெல்தோட்டைக்காரர் இராமையா. காக்கிக் கோட்டும் கையில் ஒரு பிரம்புமாக, நாங்கள் நுழைந்ததும் நிமிர்ந்து நின்றார்.

"வாங்க, வாங்க. தொடாம பாருங்க. மூச்சுக்கூட தள்ளி நின்னு விடுங்க, கண்ணாடி மங்கிரும்."

நாலாவது பெட்டியில் என் தொப்பி இருந்தது.

என் பிள்ளையைச் சந்தையில் விற்க வைத்திருப்பதைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு. அடுப்புப் புகையில் மாசக்கணக்காகத் தொங்கவிட்டுப் பழுப்பாக்கியிருந்தான் பாவி. ஓரத்தைப் பூச்சிக்கும் தின்னக் கொடுத்திருந்தான். இவ்வளவையும் பொறுப்பேன். ஆனால் தொப்பியை உள்பக்கம் வெளியே தெரிய வைத்திருந்தார்கள்! பின்னல் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: முன்பக்கம் கோடுகள் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும். பின்பக்கத்தில், நூல் மாறும் இடமெல்லாம் கறுப்பும் சந்தனமும் கலந்து புள்ளி புள்ளியாய்த் தெரியும். கட்டியவளை முதுகுப்பக்கமாய்த் திருப்பி நிற்கவைத்துப் படம் பிடித்ததுபோல ஒரு அவமானம்.

இராமையா பிரம்பை நீட்டினார். "இது எரநூறு வருசத்துத் தொப்பிங்க. ராசா குடுத்தது. இந்தக் கோடெல்லாம் பாருங்க, அந்தக் காலத்துக் கோட்டை வாசலுங்க. பெரிய கோடு அரமனை வாசல். ஓரத்துல புள்ளி புள்ளியா இருக்குதே, அது எழுத்து. இன்னும் யாராலயும் படிக்க முடியலன்னு தொரை எழுதி வச்சிருக்காரு."

"எழுத்தா?" என்றேன். என் குரல் எனக்கே எஞ்சின் நீராவிபோலக் கேட்டது.

ஹாஜியார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஏன் வாசிக்க ஏலாது? இது ஆதி காலத்து அரபெழுத்து. எனக்கு நல்லா விளங்குது."

"என்ன எழுதியீக்கி வாப்பா?" என்று கேட்டான் லாபிர்.

"அது... பெரிய விஷயம். இங்க நின்டு செல்ல ஏலாது." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கோடுகளைத் தடிப்பு மெலிவு தவறாமல், புள்ளிகளை ஒன்று விடாமல் பென்சிலால் பார்த்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "வேலையென்டா இது வேலை. இப்ப உள்ளவன் ஒருத்தனுக்கு இப்பிடிப் பின்ன ஏலுமா? உங்கட மச்சானும் ஏதோ பின்னுற என்டு கேள்வி. பொம்பிளையள் செய்யிற மாதிரி."

பளீலின் செருப்பு என் கால் பெருவிரலை அமுக்கியது. அமுக்கியபடியே என்னைக் கரடிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"மச்சான், உங்கட காலப் பிடிக்கிறன்."

"மிதிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறாய்!"

"நாளைக்கி நிக்காஹ். இப்ப நீங்க வாயத் திறந்தா பஸீஹா ஊட்டோடதான். அந்தத் தொர பழைய சாமான் தேடி கடைக்கி வந்தான். ஏதோ வாயில வந்திச்சி, செல்லி வித்திட்டன்."

"ஒரு பெருநாளைக்காவது தலையில வெச்சியாடா?"

"தலைக்கிச் சின்னது மச்சான்!"

ஐம்பத்தாறு தேசத்திலும் ஒருவன் என் தொப்பியைச் சின்னது என்று சொன்னதில்லை. ஆனாலும் பஸீஹா என்று சொல்லிவிட்டான். நான் கரடியின் முதுகு மயிரை இரண்டு கைப்பிடி பிய்த்ததோடு சரி. வெளியே வரும்போது மட்டும் இராமையாவிடம், "அந்தத் தொப்பியை மறுபக்கம் திருப்பி வைங்க, உங்களுக்குப் புண்ணியம்" என்றேன்.

"ராசா எப்பிடிப் போட்டாரோ அப்பிடித்தாங்க வச்சிருக்கு" என்றார் அவர்.

வீடு வந்து நேரே அடுப்படிக்குப் போனேன். பஸீஹா மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என்னை அங்கே பதினைந்து ஆள் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததாகவும், கரடி எனக்காகக் கண்ணீர் விட்டதாகவும் சொன்னேன். முதலில் சிரித்தாள். கரடியின் கண்ணீரோடு சிரிப்பை நிறுத்தி, "அப்ப அந்த ராஜா, மூத்தாப்பா எல்லாம் பொய்யா மாமா?" என்று கேட்டாள்.

"ராஜாவாவது கூஜாவாவது! என்ட தொப்பி புள்ள அது! என்ட சிங்கமலைச் சுரங்கம்!"

அவள் மருதாணியை வழித்தாள். நானும் ஆத்திரம் இறங்கிய சுகத்தில், மூன்று வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். பெண்ணுடைய சின்னத் தம்பி வாசலில் காலைக் கழுவிவிட்டு மோதிரம் வாங்கிக்கொண்டான். கூடத்தில் அகுறணையே வந்து இறங்கியதுபோல ஆட்கள். பதிவுகாரர் புத்தகத்தைத் திறந்தார். இனி, பெண்ணின் வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போய் அறை வாசலில் நின்று சம்மதம் கேட்க வேண்டும். பெண் பேசாமல் இருப்பாள், அதுதான் சம்மதம். நூறு வருஷமாக மடவளையில் அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் வாய் திறந்ததில்லை. சாட்சிகளில் ஒருவன் நான்.

"மகள், அகுறணை அலியார் ஹாஜியார்ட மகன் லாபிருக்கு உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்க உனக்குச் சம்மதமா?" என்று பளீல் கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்பியும் விட்டான்.

"வாப்பா, நூதனசாலைத் தொப்பி யாருட?"

அந்த வாசலில் நாங்கள் மூவரும் உப்புத் தூண்களாக நின்றோம்.

"வாப்பா, நாளைக்கி நான்தான் அகுறணைக்கிப் போற. உங்கட மூத்தாப்பாட வாப்பாட பேர் என்ன, ராஜா என்ன செல்லித் தொப்பியக் குடுத்த என்டு என்னத்தான் ஒவ்வொரு நாளும் கேப்பாங்க. வாழ்நாள் முழுக்க நான் கதை கட்டிக்கிட்டு ஈக்கவா? சபையில உண்மையச் செல்லுங்க. பொறகு நான் என்ட சம்மதத்தச் செல்றன்."

அப்போது எனக்கு வந்த பயத்தைப் பார்க்க வேண்டும். "புள்ள, புள்ள," என்று கதவோடு ஒட்டிக்கொண்டு கெஞ்சினேன். "தொப்பி கிடக்குது தொப்பி. நான் ஆயிரம் பின்னுவன். ராஜாட என்டே ஈக்கட்டும். நீ பேசாம இரு, அது போதும்."

"நேத்து அடுப்படியில என்னா சத்தம் போட்டீங்க மாமா! அத இப்ப சபையில போய்ப் போடுங்க."

பளீல் கதிரையில் உட்கார்ந்தான், எழும்பவில்லை. மற்றச் சாட்சி சுவரைப் பார்த்தார். கூடத்துக்குப் போக மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

ஆறு வருஷமாக, 'அந்தத் தொப்பி எங்கே' என்று கேட்டு அலைந்தவன் நான். அது என்னுடையது என்று ஊரைக் கூட்டிச் சொல்ல நேற்று முழுக்கத் துடித்தவன் நான். சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது, கூடத்துக்குப் போன அந்தப் பத்து அடியும் சிங்கமலைச் சுரங்கத்தைவிட நீளமாக இருந்தது.

"சம்மதம் கிடைச்சா?" என்றார் பதிவுகாரர்.

"அதுக்கு முன்னால ஒரு விஷயம்," என்றேன். "நூதனசாலையில ஈக்கிற தொப்பி ராஜா குடுத்ததில்ல. நான் பின்னின. இருபத்தாறாம் வருஷம், மேல் லைன் ரெயில்ல. பொண்ணுதான் செல்லச் சொன்ன."

முந்நூறு பேர் இருந்தார்கள். மூவாயிரம் என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஹாஜியார் மெல்ல எழுந்தார். முகம் பழுத்த மிளகாய்.

"சாட்சி?"

"சாட்சி உங்கட பையிலதான் ஈக்கி. நேத்து எழுதின காகிதத்த எடுத்து மாப்பிள்ளைக்கிட்டக் குடுங்க. நான் பாக்க மாட்டன்." சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். "மேல இருந்து வாங்க. நானுஓயா விட்டு ஒல்லிக் கோடு, ரெண்டு. கொஞ்சம் வெளிச்சம். பொறகு இன்னொன்டு. கொட்டகலை தாண்டினா விரலகலம்: சிங்கமலை. கணக்குச் சரியா மாப்பிள்ளை?"

"சரி மாமா," என்றான் லாபிர். அந்தக் குரலில் சிரிப்பு நெளிந்தது.

"அட்டன் தாண்டி..."

"நம்மட மேல் லைன் சுரங்கமெல்லியா இது!" என்று பின்வரிசையில் ஒரு ஏலக்காய் வியாபாரி எழும்பிவிட்டார். "வட்டவளைய விட்டுடாதீங்க கார்ட்!"

"விடயில்ல, செல்லத்தான் போறன்!"

அதற்குப் பிறகு கூடம் என் கையில் இல்லை. மாசா மாசம் அந்த ரெயிலில் போய்வந்த வியாபாரிகள் ஒருவர் மாறி ஒருவர் சுரங்கம் சொல்ல, மாப்பிள்ளை விரல் வைத்துக் கோடு சொல்ல, கலபொடைக்குக் கிட்ட ஒரு குட்டிச் சுரங்கத்துக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், "அப்ப அந்தப் புள்ளியெல்லாம்?" என்று கேட்டார்.

"அது பின்னல்ட உள்பக்கம். எழுத்துமில்ல, ஒரு மண்ணுமில்ல."

எல்லா முகமும் ஹாஜியார் பக்கம் திரும்பியது. அரபெழுத்து வாசித்ததை அவர் சனிக்கிழமை இரவே அகுறணையில் பாதிப் பேருக்குச் சொல்லியிருந்தார் போல. அவர் காகிதத்தை மகனிடமிருந்து வாங்கினார். மடித்தார். இன்னொருமுறை மடித்தார். அவர் செருப்பைத் தேடிக் காலை நீட்டினால் முடிந்தது, பஸீஹாவின் கலியாணம். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் அசையவில்லை. ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு நேத்தே தெரியும்."

"என்ன?" என்றேன்.

"கண்டவுடனே தெரியும். ராஜா காலத்துல இவ்வளவு கறுப்பா சாயம் போட ஏலாது. நீங்களாச் செல்லுறீங்களா என்டு பாக்கத்தான் பேசாம இருந்த. அந்தப் பின்னலும் கொஞ்சம் தளர்வு. பழைய கை என்டா அப்பிடி ஈக்காது. பொண்ணு உண்மை கேக்கிற பொண்ணு. என்ட கடைச் சாவியக் குடுக்க அப்பிடி ஒரு ஆள்தான் வேணும்."

சபை 'அப்படியா ஹாஜியார்!' என்று வாயைப் பிளந்தது. தளர்வு! என் பின்னல் தளர்வு! கண்ணாடியில் மூக்கை ஒட்டி அழுத மனுஷன், முப்பத்துமூன்று வருஷத்துக் கையைத் தளர்வு என்கிறார். நெஞ்சுக்குள் எஞ்சின் கொதித்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தேன், வாயையும் திறந்துவிட்டேன்.

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பஸீஹாவின் குரல் முந்திக்கொண்டது, கூடம் முழுக்கக் கேட்க:

"மாமா, போதும்! எனக்குச் சம்மதம்."